கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 52. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உயரம் 165 செ.மீ., எடை 76 கிலோ. சுகர் வந்து மூன்று வருடம் ஆகிறது. கிளிமிபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறேன். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.4. கிட்னி டெஸ்ட் நார்மல். இட்லி, தோசையை விட்டுவிட்டு ஆறு மாதமாகக் காலையில் ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி (நாலு ஸ்பூன் மாவு, பால், இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை), மதியம் சாப்பாடு, கடை அடைத்து வந்து இரவு பத்து மணிக்கு மூன்று சப்பாத்தி. அப்படியும் வெறும் வயிற்றில் 150, சாப்பிட்ட பின் 250க்குக் குறையவே மாட்டேன் என்கிறது. பக்கத்துக் கடைக்காரர் பேலியோவில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவுமுறை) மாத்திரையையே நிறுத்திவிட்டார். மைத்துனர் சிறுதானியம் மட்டும் சாப்பிடு என்கிறார். யூடியூபில் ஒருவர் மதியம் வரை பட்டினி இருக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த மாதம் அக்கா மகள் கல்யாணம் வேறு வருகிறது.
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் கஞ்சி டம்ளரைக் கணக்குப் பார்ப்போம். மேடாக அள்ளிய நாலு ஸ்பூன் மாவு ஏறக்குறைய 60 கிராம் வரும். அதில் மாவுச்சத்து 40 கிராம். பால் 150 மி.லி. என்றால் 7 கிராம், நாட்டுச்சர்க்கரை 10 கிராம். மொத்தம் 57. வீட்டு இட்லி ஒன்றில் மாவுச்சத்து 10 முதல் 12 கிராம்தான். ஆக, இட்லியை விட்டுவிட்டு ஐந்து இட்லிக்குச் சமமானதை டம்ளரில் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் நைசாக அரைத்து, நன்றாக வேகவைத்து, நீர்க்கக் கரைத்தது. மெல்ல வேண்டியதில்லை, இரைப்பையில் அதிக நேரம் தங்குவதும் இல்லை. கேழ்வரகின் நார்ச்சத்துக்குத் தடுக்கிற வேலையே கொடுக்காமல் உள்ளே அனுப்பிவிடுகிறீர்கள். கேழ்வரகு மேல் பழி இல்லை. அளவும் பக்குவமும்தான் காரணம்.

சப்பாத்தியும் இதே கதைதான். ஒன்றுக்கு 40 கிராம் மாவு என்றால் மூன்றுக்கு 120 கிராம். மாவுச்சத்து 80 கிராமை ஒட்டி வரும். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. தொட்டுக்கொள்ளும் குருமாவைச் சேர்க்காமலே, இரவு பத்து மணிக்கு நீங்கள் சாப்பிடுவது கிட்டத்தட்ட 280 கிராம் சோறு. “சோற்றை விட்டுட்டேன், சப்பாத்திதான்” என்று சொல்பவர்களுக்குச் சர்க்கரை அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பக்கத்துக் கடைக்காரர், மைத்துனர், யூடியூப்காரர் மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் உடம்பில் நடந்ததை உங்களுக்கும் பொருத்துகிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2015இல் 800 பேரைத் தொடர்ந்து அளந்து பார்த்தது. ஒரே உணவுக்கு ஒருவருக்குச் சர்க்கரை எகிறியது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மாவுச்சத்து – புரதம் – கொழுப்பு விகிதம் கிடையாது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2019இல் எழுதியே வைத்தது. ஆகவே யார் சொல்வதைக் கேட்பது என்றால், வீட்டில் சர்க்கரை அளக்கும் உங்கள் குளுக்கோமீட்டர் சொல்வதைக் கேளுங்கள். அதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

தொடங்கும் முன் மாத்திரை பற்றி. உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாகக் குறைத்தாலோ, ஒரு வேளையை விட்டாலோ சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பசி — இவை அறிகுறிகள். அப்போது அளந்து பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அளக்க வசதி இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். உங்களுக்கு இப்போது இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால் சர்க்கரையும் வெல்லமும் அவசரத்துக்கு உதவாது. அவை உடைந்து குளுக்கோஸ் ஆவதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பவுடரையே கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம், “சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், கிளிமிபிரைடை எந்த எண் வந்தால் குறைக்கலாம்?” என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி அளக்கும் முறை. மீட்டரில் செருகி இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் 50 வேண்டும். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாய். ‘சர்க்கரைப் பொடி’ என்று விற்கிற டப்பாக்களோடு ஒப்பிட்டால் இது மலிவு. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தி 300 வந்துவிட்டது என்று பதறுவது அடிக்கடி நடப்பது. உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கடையில் வெல்லமும் சீனியும் நிறுத்த கையோடு அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்து போடாதீர்கள். ஈரம் பட்டால் தப்பாகக் காட்டும். நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டலாம். அதனால் 168க்கும் 176க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். ஒரு உணவை இரண்டு மூன்று நாள் அளந்த பிறகே அதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தட்டு என்ன செய்தது என்று தெரியும். முன்பு 150, பின்பு 190 என்றால் தட்டு குற்றவாளி அல்ல, ஏற்கெனவே ஏறியிருந்ததுதான் பிரச்சினை. முன்பு 110, பின்பு 205 என்றால் தட்டில்தான் கோளாறு. பொதுவாகச் சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 180க்குள் என்பது இலக்கு. ஏற்றம் 50ஐத் தாண்டாத தட்டை ‘எனக்கு ஒத்துக்கொள்வது’ என்று குறித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, மூன்று வேளையும் அளந்து எழுதுங்கள். நோட்டில் என்ன, எவ்வளவு, எத்தனை மணி, நடந்தீர்களா, முந்தின இரவு தூங்கினீர்களா என்று ஒரு வரி போதும். கல்லாப் பெட்டிக் கணக்கு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. நான்காம் நாளிலிருந்து ஒரே ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். காலைச் சாப்பாடு, மதியச் சாதம், மாலை நடை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

காலை வேளையிலிருந்து தொடங்குங்கள். பலருக்கு விடிகாலையில் ஈரல் வெளியே விடும் சர்க்கரையும் சேர்ந்துகொள்வதால், அதே உணவு காலையில் அதிகம் ஏற்றும். இட்லியைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் எண்ணிக்கையோடு. முதல் தட்டு: இரண்டு இட்லி, கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. சைவம் என்றால் முட்டைக்குப் பதில் பாசிப்பயறு சுண்டல் அரைக் கிண்ணம். இரண்டு நாள் அளந்து பாருங்கள். இரண்டாவது தட்டு: கேழ்வரகையே அடையாக்குங்கள். 50 கிராம் மாவு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, வெங்காயம், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. கஞ்சியையும் இந்த அடையையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்தால் பக்குவம் செய்யும் வேலை உங்களுக்கே புரியும். மூன்றாவது தட்டு: பச்சைப்பயறு தோசை இரண்டு. அரிசி சேர்க்காமல் ஊறவைத்து அரைத்தது. ஒரு ஸ்பூன் அரிசி போட்டால் மொறுமொறுப்பாக வரும் என்பார்கள், சோதனை முடியும் வரை வேண்டாம்.

கஞ்சியை விடவே மனமில்லை என்றால் அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்திலும் அளக்க வேண்டும். நீர்த்த உணவு முக்கால் மணி, ஒரு மணி நேரத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடக்கூடும். இரண்டு மணி நேர எண் நல்லவனாக நடிக்கும். நெய் ஊற்றிய பொங்கல், பரோட்டா, பிரியாணி இதற்கு நேர் எதிர். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணியில் 170 காட்டி, மூன்றரை மணியில் 230 நிற்கலாம். “பிரியாணி சாப்பிட்டேன், ஒன்றும் ஏறலியே” என்று சொல்கிறவர்கள் மறுபடி ஒரு ஸ்ட்ரிப் செலவழிக்க வேண்டும்.

மதியம் நீங்கள் ‘சாப்பாடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு போடுவது நம் வழக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் என்று தோன்றும். கூட்டினால் 350 கிராம் எளிதாக வரும். அது கிட்டத்தட்ட 100 கிராம் மாவுச்சத்து. உங்கள் கடைத் தராசிலேயே ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். பிறகு 150 கிராமை ஒரே முறை தட்டில் போட்டு, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே: பொரியல் இரண்டு கிண்ணம், அதில் ஒன்று கீரை, கூட்டு ஒரு கிண்ணம், மீன் இரண்டு துண்டு, அல்லது கோழி 100 கிராம், அல்லது கொண்டைக்கடலை அரைக் கிண்ணம். வாழைக்காய், சேனை, உருளை பொரியலாக வந்தாலும் அவை சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

சாப்பிடும் வரிசையையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015இல் ஒரு சிறு ஆய்வில் காட்டியது. பதினொரு பேர்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செலவில்லாத சோதனை. பொரியலையும் கூட்டையும் வெறுமனே முதல் பத்து நிமிடம் சாப்பிட்டுவிட்டு, பிறகு அதே 150 கிராம் சோறு. உப்பைக் கொஞ்சம் குறைத்துச் சமைக்கச் சொல்லுங்கள், வெறும் பொரியல் உப்பாகத் தெரியும்.

வடித்த சோறா குக்கர் சோறா என்று கேட்பார்கள். புழுங்கலரிசி பச்சரிசியைவிடப் பொதுவாக மெதுவாக ஏற்றும், உண்மை. வடிப்பதால் கிடைக்கும் லாபம் சிறிது. அளவு இரட்டிப்பானால் எந்த அரிசியும் காப்பாற்றாது. தினை, சாமை, குதிரைவாலி வாங்கும்போது தீட்டாததா என்று பாருங்கள். பளபளவென்று வெள்ளையாகத் தீட்டியதில் மேல்தோலும் நாரும் போயிருக்கும். மைத்துனர் சொல்வதை இந்த நிபந்தனையோடு, சோற்றுக்குப் பதிலாக, அதே 150 கிராம் அளவில் அளந்து பாருங்கள். சோற்றுக்கு மேல் கூடுதலாக அல்ல.

இரவுதான் உங்களுக்குக் கடினமான வேளை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 150 நிற்பதற்குப் பத்து மணிச் சப்பாத்தி ஒரு காரணம். இரவு முழுக்க ஈரல் விடும் சர்க்கரை இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று தெரிய ஒரே ஒரு நாள், இரவு படுக்கும் முன், விடிகாலை 3 மணி, காலை 6 மணி மூன்றும் அளந்து பாருங்கள். படுக்கும் முன் 220, மூன்று மணிக்கு 180, காலையில் 150 என்று இறங்கி வந்தால் இரவுச் சாப்பாடு அதிகம். படுக்கும்போது 130 இருந்து காலையில் 150 ஏறியிருந்தால் அது ஈரலின் வேலை. சப்பாத்தியைக் குறைத்துப் பெரிய பயன் இல்லை, எடை குறைவதும் மருந்து மாற்றமும்தான் உதவும். மூன்று மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்துக் குடியுங்கள்; மறுநாளே மருத்துவரைப் பாருங்கள், இரவு மாத்திரை அதிகம்.

கடையை எட்டு மணிக்கு அடைக்கச் சொல்வது எளிது, நடக்காது. அதனால் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆறரை மணிக்குக் கடையிலேயே சுண்டல் ஒரு கிண்ணமும் 30 கிராம் வறுத்த வேர்க்கடலையும். பத்து மணிக்கு ஒரே சப்பாத்தி, அதோடு பன்னீர் அல்லது முட்டைப் பொரியல், காய்கறி. சுண்டலிலும் மாவுச்சத்து உண்டு, அதனால்தான் சப்பாத்தி ஒன்று. இந்த மாற்றத்தைச் செய்யும் முதல் வாரம் படுக்கும் முன் கட்டாயம் அளக்க வேண்டும். சாப்பிட்டபின் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுப் படுத்தால் எண்ணில் வித்தியாசம் தெரியும்.

கடிதத்தில் டீ பற்றி ஒரு சொல் இல்லை. மளிகைக் கடையில் நாள் முழுக்க உட்காருபவர் டீ குடிக்காமல் இருப்பார் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு நாலு டீ என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம் சர்க்கரை. கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் இதே கணக்குதான்.

இனி பேலியோ. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் சர்க்கரை இறங்கும். பக்கத்துக் கடைக்காரருக்கு இறங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் உங்கள் மருந்தோடு அதைச் செய்ய வேண்டுமானால் முதல் நாளுக்கு முன்பே கிளிமிபிரைடின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது: இரத்தத்தில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே உடம்பில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். கெட்ட கொழுப்பு சிலருக்கு வேகமாக ஏறும், மூன்று மாதத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சோறு சாப்பிடும்போது நீங்கள் மட்டும் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பீர்களா என்பதும் கேள்வி. மேலே சொன்ன அளவுச் சாப்பாட்டை முதலில் முயன்று பாருங்கள் என்பேன். மதியம் வரை பட்டினி என்பது கிளிமிபிரைடு போடும்வரை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எடையை மறக்க வேண்டாம். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 28. இந்தியர்களுக்கு 23க்கு மேலேயே அதிக எடை. நான்கு முதல் ஏழு கிலோ குறைந்தாலே ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு குறைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கத் தொடங்கும். பிரிட்டனில் 2017இல் வெளிவந்த டைரக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் சில மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் இருந்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர் மாத்திரை இல்லாமலே நோய் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். உங்களுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது என்பதால் சொல்கிறேன். வீட்டில் தனியாகச் செய்கிற காரியம் இல்லை அது.

மூன்று நான்கு வாரத்தில் உங்கள் நோட்டில் ஒத்துக்கொள்ளும் காலைத் தட்டு மூன்று, மதியத் தட்டு இரண்டு, இரவுத் தட்டு இரண்டு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள், வேளை மாற்றி மாற்றி அளந்தால் போதும். எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துத்தான்; அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்திருக்கும். மெட்ஃபார்மின் மூன்று வருடமாகப் போடுகிறீர்கள், அப்போது வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். நாளடைவில் அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கலாம்; அதனால் காலில் எரிச்சல் வந்தாலும் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுவார்கள்.

கல்யாண இலை. பொரியல், கூட்டு, அவியல் முதலில். சோறு ஒரே முறை, சாம்பாருக்கா ரசத்துக்கா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பாயசம் இரண்டு கரண்டி அல்லது ஜாங்கிரி ஒன்று, இரண்டும் வேண்டாம். அப்பளத்தை விடச் சொல்ல மாட்டேன். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. தாய்மாமன் என்பதால் மாலை எடுத்துக் கொடுத்து, சீர் வரிசை முடித்து, வந்தவர்களைக் கவனித்துக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவீர்கள். காலை ஏழு மணிக்குப் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பத்தரை வரை காப்பியோடு நின்றால் மணமேடை அருகிலேயே மயக்கம் வரலாம். அன்று மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இலையில் உட்காரும்போது போடுங்கள். இன்னொரு பையில் குளுக்கோஸ் பவுடர் ஒரு பொட்டலம் இருக்கட்டும். அது எதற்கென்று வீட்டம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.